புனைபெயர் மட்டும் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். ஏதேனும் ஒரு தளத்தில் உறுப்பினராகச் சேர முயன்றால், பெயர், இமெயில் முகவரி, பாஸ்வேர்ட் எனக் கேட்கும் கட்டங்களுக்கு மேலாகவே ஒரு பட்டன் தென்படும். "கூகுள் வழியாகத் தொடரவும்" என்றோ, "பேஸ்புக் வழியாகத் தொடரவும்" என்றோ அதில் எழுதியிருக்கும். அதில் கிளிக் செய்தால் வேலை முடிந்தது. இன்னொரு பாஸ்வேர்டை நினைவில் வைத்துக் கொள்ளும் தொல்லை இல்லை. சமையல் குறிப்பு படிக்கவும், மிக்ஸிக்கு ஜார் வாங்கவும் நானும் அந்தப் பட்டனைத்தான் அழுத்துகிறேன்.

ஆனால் ஒரு வகை வேலைக்கு இந்தப் பட்டன் ஆகாது. சொந்தப் பெயரை வெளியிடாமல், புனைபெயரில் பொது வேலை செய்கிறவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச வரைபடத்தில் தெருக்களைக் குறிப்பார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அந்த வரைபடத்தின் மேல் குறித்தவர்கள் பொதுமக்கள்தான். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பெயர் வெளியே தெரிய வேண்டும் என்ற ஆசையும் பலருக்கு இல்லை. தெரியக் கூடாது என்பதற்குச் சிலருக்குக் காரணம் இருக்கும்.

நானும் அப்படி ஒருவன். என் அக்கவுண்ட்கள் ஒன்றோடு ஒன்று இணைந்திருந்ததால் என்ன நடந்தது என்பதையும், அதன் பின் நான் கற்றுக் கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். புனைபெயரை மட்டும் இங்கே சொல்லப் போவதில்லை. மன்னிக்கவும்.

வள்ளூரில் ஏன் புனைபெயர்?

நான் வசிப்பது திருவள்ளூர் மாவட்டத்தில், மீஞ்சூருக்குப் பக்கத்தில் உள்ள வள்ளூர். ஊர்ப் பெயரைச் சொன்னால் பலருக்கு அனல் மின் நிலையம்தான் நினைவுக்கு வரும். என்டிபிசியும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக அமைத்த நிலையம் அது. 500 மெகாவாட் வீதம் மூன்று யூனிட்கள், மொத்தம் 1500 மெகாவாட். எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். காலையில் அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டி.

எங்கள் பக்கத்தில் ஒரே குடும்பத்தில் ஒருவர் மின் நிலையத்தில் இருப்பார், ஒருவர் துறைமுகத்தில் இருப்பார், இன்னொருவர் சிப்காட்டில் காண்ட்ராக்டில் இருப்பார். தாய்மாமன் எண்ணூர்க் கழிமுகத்தில் வலை போடுகிறவராக இருப்பார். ஆற்றில் சாம்பல் கலக்கிறது என்று ஒருவர் எழுதினால், அது பொய்யே இல்லை என்றாலும், அதே வீட்டில் வேறொருவருக்குச் சங்கடம் வரும். எனவேதான் புனைபெயர். நான் 2016ல் இருந்து கொசஸ்தலை ஆறு, கழிமுகம், உப்பளங்கள், அலையாத்திக் காடு பற்றி விக்கிப்பீடியாவில் சேர்த்து வந்தேன். யாரையும் திட்டி ஒரு வரி எழுதியதில்லை. ஆதாரம் இல்லாமல் எழுதினால் மற்றவர்கள் நீக்கிவிடுவார்கள். அது அங்கே நல்ல வழக்கம்.

தமிழில் புனைபெயர் புதிதா என்ன? எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் ரங்கராஜன் என்ற பொறியாளர். மனைவியின் பெயரில் எழுதினார். அது ஊருக்கே தெரிந்த ரகசியம். அவர் புனைபெயர் முகவரி போன்றது. எங்கள் புனைபெயர் கதவில் போட்ட தாழ்ப்பாள் போன்றது. பின்வாசல் திறந்திருந்தால் தாழ்ப்பாளால் என்ன பயன்?

பின்வாசல் எனக்கு டெலிகிராம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் கையாலேயே எண்ணெயை அள்ளியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எந்த இடம் வரை எண்ணெய் வந்திருக்கிறது என்று போட்டோவும் இடமும் திரட்ட எங்களில் சிலர் டெலிகிராமில் ஒரு குரூப் தொடங்கினோம். ஏறத்தாழ இருநூறு பேர் சேர்ந்தார்கள். நான் புனைபெயரில் இருந்தேன். என் மொபைல் எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி செட்டிங்ஸில் மாற்றியும் வைத்திருந்தேன். போதும் என்று நினைத்தேன்.

குரூப்பில் சேர்ந்தவர்களில் ஒருவர் எங்கள் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருப்பவர். எண்ணூர்க்காரர். அவர் மொபைலில் என் எண்ணை அக்கவுண்ட்ஸ் சார் என்றும், கூடவே என் சொந்தப் பெயரையும் போட்டுச் சேமித்து வைத்திருக்கிறார். டெலிகிராம் என்ன செய்யும் தெரியுமா? உங்கள் எண் ஒருவருடைய தொடர்புப் பட்டியலில் இருந்தால், நீங்கள் உங்களுக்கு வைத்துக் கொண்ட பெயரை அவருக்குக் காட்டாது. அவர் உங்களுக்கு வைத்த பெயரைத்தான் காட்டும். குரூப்பில் நான் போட்ட ஒவ்வொரு போட்டோவுக்கு மேலும், அவர் திரையில் அக்கவுண்ட்ஸ் சார்தான்!

எண்ணை மறைப்பதற்கான இடத்திலேயே இரண்டாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் எண்ணை வைத்து உங்களை யார் கண்டுபிடிக்கலாம் என்பது அந்தக் கேள்வி. அதில் 'எவரும்' என்று இருந்ததை நான் மாற்றவில்லை. எண் மறைந்தது, ஆள் மறையவில்லை.

அவர் நல்ல மனிதர். ரயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், அந்த குரூப்ல போட்டோ எல்லாம் போடறது நீங்கதானா? சொல்லவே இல்லையே" என்றார். பெருமையோடுதான் கேட்டார். அதே பெருமையோடு கேண்டீனிலும் சொல்லியிருக்கிறார்.

டெலிகிராமில் நான் வைத்திருந்த பெயரும் விக்கிப்பீடியாவில் நான் வைத்திருந்த பெயரும் ஒன்றுதான். இரண்டு பெயர் யோசிக்கச் சோம்பல். அந்தப் பெயரைத் தேடினால் விக்கிப்பீடியா பக்கம் வரும். அதில் 'பங்களிப்புகள்' என்ற லிங்க்கில் கிளிக் செய்தால், ஏழு ஆண்டுகளில் நான் செய்த ஒவ்வொரு திருத்தமும் தேதி, நேரத்தோடு வரிசையாகக் கிடைக்கும். நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம்.

ஒரு வாரம் கழித்து மேலாளர் கூப்பிட்டார். திட்டவில்லை. டீ வரவழைத்தார். "ஒண்ணே கால்ல இருந்து ஒண்ணே முக்கால் வரைக்கும்தான் எழுதறீங்க. லஞ்ச் டைம்தான், பரவாயில்லை. ஆனா பார்த்து இருங்க சார்" என்றார். அவ்வளவுதான். அந்த டீயை நான் முழுதாகக் குடிக்கவில்லை.

ஆல்பத்தில் ஒரு பெயர்

எனக்கு நேர்ந்தது அத்தோடு போயிற்று. என்னால் வேறொருவருக்கு நேர்ந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி. ஒரு ஆலையில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அந்த டிசம்பரில் மாமாவின் படகில் போய் அறுபது போட்டோ எடுத்து வந்தான். கூகுள் போட்டோஸில் ஆல்பமாகப் போட்டு எனக்கு லிங்க் அனுப்பினான். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அந்த லிங்க்கை நான் அப்படியே குரூப்பில் போட்டேன். லிங்க்கைத் திறந்தால் ஆல்பத்துக்கு உரியவரின் பெயரும் அவர் முகமும் அதில் தெரியும். நானும் பார்த்தேன். தெரிந்த பையன் பெயர் இருப்பது எனக்கு உறுத்தவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவனே ஓடி வந்தான். "அண்ணே, ஆல்பத்துல என் பேரு வருதுண்ணே. போட்டோவும் வருது." உடனே பதிவை நீக்கினேன். அவனும் ஆல்பப் பகிர்வை நிறுத்தினான். அதற்குள் யார் யார் பார்த்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மார்ச் மாதம் அவனுடைய காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. அவனோடு சேர்த்து ஐந்து பேருக்குப் புதுப்பிக்கவில்லை. போட்டோவுக்காகத்தான் என்று யாரும் சொல்லவில்லை. அதற்காக இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அவன் அம்மா என்னிடம் முன்போலத்தான் பேசுகிறார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

இதில் ஹேக்கர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பாஸ்வேர்ட் எதுவும் திருடு போகவில்லை. வைரஸ் வரவில்லை. ஆன்ட்டி வைரஸ் புரோகிராம் எத்தனை போட்டிருந்தாலும் இதைத் தடுத்திருக்காது. எல்லா சாஃப்ட்வேரும் அதனதன் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

நம் அக்கவுண்ட்களை இணைப்பது எது?

முதலாவது, நாமே அழுத்தும் பட்டன். கூகுள் வழியாக ஒரு தளத்தில் நுழைந்தால், அந்தத் தளத்துக்கு உங்கள் பெயர், இமெயில் முகவரி, புரொஃபைல் படம் மூன்றும் போகின்றன. அங்கே நீங்கள் பிறகு வேறு பெயர் வைத்துக் கொண்டாலும், அவர்கள் கம்ப்யூட்டரில் பழைய பெயர் இருக்கும்.

இரண்டாவது, இமெயில் முகவரி. 2010 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் 'பஸ்' என்ற வசதியை ஜிமெயிலுக்குள் கொண்டு வந்தது. நீங்கள் யாருக்கு அதிகம் மெயில் அனுப்புகிறீர்களோ அவர்களை அதுவே உங்கள் நண்பர்களாகச் சேர்த்தது. அந்தப் பட்டியலை நீங்கள் கவனித்து மறைக்காவிட்டால், உங்கள் புரொஃபைல் பக்கத்தில் மற்றவர்களும் பார்க்கலாம்! வக்கீலுக்கும் டாக்டருக்கும் நிருபருக்கும் மெயில் எழுதியவர்கள் அலறினார்கள். அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தலையிட்டு 2011ல் கூகுளுடன் உடன்பாடு செய்தது. பஸ் மூடப்பட்டது. ஒரு வசதிக்காகக் கொடுத்த தகவல் ஒரே இரவில் வேறொரு வசதிக்குப் போய்விடும் என்பதற்கு இது பழைய உதாரணம். ஆனால் இன்றும் பொருந்தும்.

மூன்றாவது, மொபைல் எண். நம் நாட்டில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய முடிச்சு. சிம் கார்டு அடையாள ஆவணம் கொடுத்து வாங்கியது. வங்கியும் அதே எண்ணில். யுபிஐ செயலியில் ஒரு மொபைல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பணம் அனுப்பும் முன்பே வங்கியில் உள்ள பெயர் திரையில் வரும். தப்பான ஆளுக்குப் பணம் போகாமல் இருக்க அது அவசியம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் புனைபெயரில் இருக்கும் ஒருவரின் எண் கிடைத்துவிட்டால், அவர் பெயரை அறிய ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. என் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இனிஷியலோடு வந்தது.

எண் எப்படிக் கிடைக்கும் என்று கேட்கலாம். சாதாரண வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். நாம் மறைத்து வைத்தாலும் நிறுவனங்களிடமிருந்து கசியும். 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட பேஸ்புக் அக்கவுண்ட்களின் விவரம் மொபைல் எண்ணோடு இணையத்தில் வெளியானது. அதில் சுமார் 60 லட்சம் இந்தியர்களுடையது. அதைவிட நமக்கு நெருக்கமானது ட்விட்டரில் நடந்தது. அதன் இன்றைய பெயர் எக்ஸ். ஒரு இமெயில் முகவரியையோ மொபைல் எண்ணையோ கொடுத்தால், அது எந்த ட்விட்டர் அக்கவுண்ட்டுடன் இணைந்தது என்று சொல்லிவிடும் பிழை ஒன்று 2021 ஜூனில் அதன் சாஃப்ட்வேரில் நுழைந்தது. 2022 ஜனவரியில் சரி செய்தார்கள். அதற்குள் 54 லட்சம் அக்கவுண்ட்களின் விவரம் திரட்டப்பட்டு விற்பனைக்கு வந்துவிட்டது. 2022 ஆகஸ்ட்டில் அந்த நிறுவனமே ஒப்புக் கொண்டு, புனைபெயரில் இருப்பவர்கள் பலருக்கும் தெரிந்த எண்ணையோ இமெயிலையோ அக்கவுண்ட்டில் சேர்க்காமல் இருப்பது நல்லது என்றது. குதிரை ஓடிய பின் லாயத்தைப் பூட்டிய கதைதான்.

கோர்ட் கேட்டால்?

புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று ஒரு நிறுவனம் கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? நம் நாட்டிலேயே இதற்கு வழக்கு இருக்கிறது. தன்னைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கம் அவதூறானது என்று ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விக்கிமீடியா அறக்கட்டளை மீது வழக்குத் தொடர்ந்தது. அந்தப் பக்கத்தைத் திருத்திய மூன்று பேரின் விவரங்களைத் தர வேண்டும் என்று ஆகஸ்ட்டில் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூவரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். நவம்பரில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். விக்கிமீடியாவே அவர்களுக்குச் சம்மன் அனுப்பும். அவர்களின் அடையாளம் எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் இருக்கும். இந்த வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தையே நீக்கும்படியும் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த உத்தரவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்தச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். கேட்டால் கொடுப்பதற்கு அவர்களிடம் என்ன இருக்கும் என்று பார்த்தேன். விக்கிப்பீடியாவில் அக்கவுண்ட் தொடங்க இமெயில் முகவரிகூடக் கட்டாயம் இல்லை. எந்த ஐபி முகவரியில் இருந்து வந்தீர்கள் என்பதை அங்குள்ள சோதனையாளர்கள் பார்க்கும் பதிவில் 90 நாட்கள்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே பெரும்பாலும் நாம் கொடுத்ததுதான் அவர்களிடம் இருக்கும். நான் கொடுத்திருந்தது என் சொந்தப் பெயரில் உள்ள ஜிமெயில் முகவரி!

மாற்று இமெயில் முகவரி என்ற கட்டத்திலும் இதே ஆபத்து உண்டு. ரகசியத்துக்குப் பெயர் பெற்ற புரோட்டான் மெயிலில் ஸ்பெயினில் ஒருவர் புனைபெயரில் அக்கவுண்ட் வைத்திருந்தார். போலீஸ் கேட்டபோது அந்த நிறுவனத்தால் மெயில்களைப் படித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் பாஸ்வேர்ட் மறந்தால் உதவட்டும் என்று அவர் கொடுத்திருந்த மாற்று முகவரியைக் கொடுத்தது. அது ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி. ஆப்பிளைக் கேட்டார்கள். பெயரும் வீட்டு முகவரியும் கிடைத்துவிட்டன. 2024ல் இது வெளியே தெரிந்தது. அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு விஷயம். எந்தக் கட்டத்தில் மாட்டினார் என்பதைப் பாருங்கள்.

2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உதவாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிறுவனங்கள் நம் தகவலை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு அது பயன்படும். ஆனால் ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆல்பம் லிங்க்கைக் குரூப்பில் போட்டது நான்தானே.

இப்போது நான் செய்வது

மீண்டும் தொடங்க எனக்கு ஆறு மாதம் ஆனது. பழைய அக்கவுண்ட்டுக்குப் பெயரை மாற்றிவிடலாமே என்று முதலில் நினைத்தேன். விக்கிப்பீடியாவில் அது முடியும். ஆனால் பழைய பெயர் என்ன, புதிய பெயர் என்ன என்ற பதிவும் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். ஆகவே பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் எழுதி நமக்கு நாமே ஆதரவு தெரிவித்துக் கொள்வது அங்கே குற்றம். அதைச் செய்யக் கூடாது.

பெயர் வைக்கும்போது ஊர்ப் பெயர், பிறந்த வருடம், பிள்ளைகளின் பெயர் எதையும் சேர்க்கவில்லை. அந்தப் பெயரை வேறு எந்தத் தளத்திலும் பயன்படுத்துவதில்லை. அதற்கென்று தனி இமெயில் முகவரி. புதிய ஜிமெயில் தொடங்க இப்போது பெரும்பாலும் மொபைல் எண் கேட்கிறார்கள். எண் கேட்காத சேவைகளும் உண்டு. மாற்று முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டேன். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பாஸ்வேர்ட் மறந்தால் அக்கவுண்ட் போனது போனதுதான். அதனால் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். என் பீரோவைத் திறக்க வள்ளூருக்கு வந்தாக வேண்டும்.

அடுத்தது பிரவுசர். ஒரே பிரவுசரில் சொந்த மெயிலும் புனைபெயர் வேலையும் இருந்தால் என்றாவது ஒரு நாள் தவறான பெயரில் பதிவாகிவிடும். குரோம் பிரவுசரில் வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் புதிய புரொஃபைல் சேர்க்கும் வசதி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, அக்கவுண்ட் இல்லாமல் தொடரலாம் என்பதில் கிளிக் செய்திடவும். தனியாக ஒரு விண்டோ கிடைக்கும். அதற்கு வேறு வண்ணம் கொடுத்துவிடுங்கள். என்னுடையது பச்சை. பச்சையில் இருக்கும்போது பேஸ்புக் பக்கம் போவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு.

அலுவலகக் கம்ப்யூட்டரிலும் அலுவலக வைஃபையிலும் இந்த வேலையே கூடாது. பழைய திருத்தங்களைப் புரட்டியபோது ஒன்றைக் கண்டேன். 2019ல் ஒரு நாள் லாகின் ஆகாமலேயே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கிறேன். பெயருக்குப் பதிலாக ஐபி முகவரி பதிவாகியிருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து அதே பத்தியில் என் புனைபெயரில் இன்னொரு திருத்தம். அந்த ஐபி முகவரி யாருடையது என்று தேடினால் எங்கள் தொழிற்சாலையின் பெயர் வருகிறது! 2024ல் இருந்து விக்கிப்பீடியாவில் படிப்படியாக ஐபி முகவரிக்குப் பதில் தற்காலிகப் பெயர் காட்டும் முறை வந்தது. ஆனால் பழைய பதிவுகள் பழையபடியேதான் இருக்கின்றன.

போட்டோக்களில் இன்னும் கவனம் வேண்டும். மொபைலில் எடுத்த போட்டோ பைலுக்குள் எடுத்த நேரம், போன் மாடல், லொகேஷன் வசதி இயங்கினால் எடுத்த இடம் எல்லாம் பதிவாகியிருக்கும். விக்கிமீடியா காமன்ஸில் போட்டோவை ஏற்றினால் இந்த விவரங்கள் அந்தப் பக்கத்தின் அடியில் அட்டவணையாகவே வரும். மொட்டை மாடியில் நின்று எடுத்த புகைபோக்கிப் படம் ஒன்றை நான் ஏற்றியிருந்தேன். புகைபோக்கியைவிட என் வீடு எங்கே இருக்கிறது என்பதைத்தான் அது தெளிவாகக் காட்டியது.

இதை நீக்குவது எளிது. விண்டோஸில் போட்டோ பைல் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். டீடெய்ல்ஸ் டேபில் கிளிக் செய்தால், 'ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பர்சனல் இன்ஃபர்மேஷன்' என்ற வரி அடியில் இருக்கும். அதில் கிளிக் செய்தால், எல்லாம் நீக்கிய ஒரு காப்பி எடுத்துத் தரும். அந்தக் காப்பியை அனுப்பவும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோ அனுப்பினால் இந்த விவரங்கள் நீங்கிவிடும். படம் தெளிவாக இருக்கட்டும் என்று டாகுமெண்ட்டாக அனுப்பினால் நீங்காது. ஆல்பம் லிங்க் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

டெலிகிராமில் தொடர்கிறவர்கள் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குச் சென்று, ஃபோன் நம்பர் என்பதில் இரண்டு கேள்விகளையும் மாற்றவும். எண்ணை யார் பார்க்கலாம் என்பதற்கு 'யாரும் இல்லை'. எண்ணை வைத்து யார் கண்டுபிடிக்கலாம் என்பதற்கு 'என் தொடர்புகள்'. ஏற்கெனவே உங்களைச் சேமித்து வைத்தவர் திரையில் இதனால் மாற்றம் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். நாங்கள் சிக்னலுக்கு மாறிவிட்டோம். அதில் 2024ல் இருந்து எண்ணைக் காட்டாமல் ஒரு பயனர் பெயரை மட்டும் கொடுத்துப் பேசலாம். அதிலும் எண்ணை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றிய கேள்வி தனியாக உண்டு. அதையும் 'யாரும் இல்லை' என்று மாற்றுங்கள்.

வரைபடம் குறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் முதல் நாள் குறிப்பது தங்கள் தெருவைத்தான். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யார், எப்போது, எந்தப் பகுதியைத் திருத்தினார் என்பது வெளிப்படை. முதல் பத்துத் திருத்தங்களைப் பார்த்தால் வீடு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். கூகுள் மேப்ஸில் பக்கத்துத் தையற்கடைக்கும் டூவீலர் மெக்கானிக்குக்கும் நட்சத்திரம் கொடுப்பவர்களுக்கும் இதேதான்.

கடைசியாக, பழைய இணைப்புகளை அறுப்பது. கூகுள் அக்கவுண்ட் பக்கத்தில் செக்யூரிட்டி பகுதிக்குச் சென்றால், உங்கள் அக்கவுண்ட்டுடன் இணைந்த பிற தளங்கள் மற்றும் செயலிகளின் பட்டியல் கிடைக்கும். தலைப்பின் பெயரை அவ்வப்போது மாற்றுகிறார்கள். கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். எனக்கு முப்பத்தேழு வந்தது. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் செயலிகூட ஒன்று இருந்தது. எப்போது சேர்த்தேன் என்று நினைவே இல்லை. தேவையில்லாத ஒவ்வொன்றையும் திறந்து இணைப்பை நீக்கவும். இதனால் இனிமேல் போகும் தகவல்தான் நிற்கும். ஏற்கெனவே அவர்களிடம் போனது போனதுதான். அதை அழிக்க அந்தந்தத் தளத்திலேயே அக்கவுண்ட்டை டெலீட் செய்ய வேண்டும்.

அந்தத் தம்பி இப்போது தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் வேலைக்குப் போகிறான். போன மழைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். மீண்டும் மாமா படகில் போனானாம். பென் டிரைவை என் கம்ப்யூட்டரில் அவனே செருகினான். ஒவ்வொரு பைலாக ரைட் கிளிக் செய்து, டீடெய்ல்ஸைத் திறந்து, இடம் என்ற கட்டம் காலியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னான். நாற்பத்திரண்டு போட்டோ. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.